ஞானம் அக்கா வீட்டில் நான் குடிக்காத தண்ணீர்

ஒருவர் வீட்டுக் கிளாஸில், அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாமல், கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரை ஊற்றி வைத்து, அதை அவருடைய விருந்தாளி குடிக்கும்படி செய்தால் அது உதவியா, அவமதிப்பா? மூன்று வருடமாக யோசிக்கிறேன். பாத்திரம் கழுவும்போது உதவி என்று தோன்றும். அதையே துடைத்து அடுக்கும்போது அவமதிப்பு என்று தோன்றும்.

அடங்கிக் கிடந்த இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவள் தர்ஷினி. இத்தாலியில் பலெர்மோ நகரின் தண்ணீர்க் கந்தோரில், அதாவது குடிநீர் அலுவலகத்தில், நான் பார்த்த வேலையை இந்த மாதம் முதல் அவள் பார்க்கிறாள்.

"அக்கா, நீங்கள் றிட்டயர் ஆன ஆள். உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்கோவன்" என்றாள்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. இரண்டாவது பிள்ளை பிறந்ததால் வேலையை விட்டவளை ஓய்வுபெற்றவர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கந்தோரில் கேக் வெட்டி, மரக்கட்டையில் பொருத்திய ஒரு பித்தளைக் குழாயைப் பரிசாகத் தந்து, முறைப்படிதான் அனுப்பி வைத்தார்கள். அந்தக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. அந்த வகையில் அது அசல் பலெர்மோக் குழாய்.

லண்டனிலும் பாரிஸிலும் இருந்து இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரான பலெர்மோவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அதுவும் விடியற்காலையில் சில மணித்தியாலங்கள். வரும்போது கூரையில் இருக்கும் தாங்கியில் நிரப்பி வைத்து, வராத நாளில் அதைத்தான் குடிக்கவும் குளிக்கவும் வேண்டும். ஆகவே இங்கே தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், தாங்கி எப்படி இருக்கிறது என்றுதான் பொருள்.

நான் கந்தோருக்குள் நுழைந்தது ஒரு கைநூலால். கந்தோரின் மேலதிகாரி ஒருவர் வெளிநாட்டுப் பயணத்திலிருந்து அதைக் கொண்டுவந்திருந்தார். தூர தேசம் ஒன்றில், ஒரு தண்ணீர்க் கந்தோர் அந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்குச் செய்த தவறுகளை ஒப்புக்கொண்டு, அவர்களோடு சமாதானமாகி, ஆற்றையும் குளத்தையும் சேர்ந்து பராமரித்த கதை. ஆங்கிலத்தில் இருந்தது. அதை இத்தாலியனில் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் அப்போது பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா வீட்டில், அதாவது இத்தாலிய அம்மணி ஒருவர் வீட்டில், துப்புரவு வேலை. அவருடைய தம்பிதான் கந்தோரின் இஞ்சினியர் கரூசோ. "எங்கள் வீட்டுப் பெண் ஆங்கிலம் வாசிப்பாள்" என்று அக்கா தம்பிக்குச் சொன்னார். நிலம் துடைத்துக்கொண்டிருந்த நான் கையைத் துடைத்துக்கொண்டு கைநூலை வாங்கினேன். ஊரில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் ஆங்கிலமும் படித்தது முதல்முறையாகப் பயன்பட்டது.

இஞ்சினியரோடு வீடு வீடாகப் போய் மொழிபெயர்க்கும் வேலையையும் எனக்கே தந்தார்கள். பயிற்சி மூன்று கிழமை. வால்வு எது, மானி எது, தண்ணீரை மேலே தள்ளும் மோட்டர் எது என்று காட்டினார்கள். கூரைக்கு ஏறக் கற்றுத் தந்தார்கள். இறங்க நானாகவே கற்றுக்கொண்டேன்.

இஞ்சினியர் கரூசோவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்கிய மெலிந்த மனிதர். எதைச் சொல்வதற்கு முன்னும் "அல்லோரா", அதாவது "அப்படியானால்", என்று ஒருமுறை சொல்லி, அது அறைக்குள் அடங்கும்வரை காத்திருப்பார். துப்புரவுப் பெண்கள் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். பென்சிலால்தான் எழுதுவார், ஏனென்றால் மை நனைந்தால் கரையும். தண்ணீர் பார்க்கும்போது சின்னக் கண்ணாடிக் குழலில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மனதுக்குள் மூன்று எண்ணி, பிறகு மணந்து பார்ப்பார். நாக்கில் மட்டும் வைக்க மாட்டார். அவருடைய தோல் பையில் எப்போதும் மூடி உடைக்காத ஒரு போத்தல் இருக்கும். தன் வாழ்நாள் முழுவதும் இந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்த மனிதர், இந்த ஊர்த் தண்ணீரில் ஒரு மிடறு குடித்ததில்லை.

"எனக்கு அதிகம் தெரியும், சிஞ்ஞோரா. அதுதான் பிரச்சினை" என்பார்.

எனக்கு அவர்மேல் உடனே மதிப்பு வந்துவிட்டது. என் மகள் அனிதாவுக்கு அப்போது பத்து மாதம். தாய்ப்பாலோடு அவளுக்குக் கொடுத்த பால்மாவுக்கு நான் கடையில் மினரல் தண்ணீர் வாங்கி, அதையும் காய்ச்சி, ஆறவைத்து, மறுபடி போத்தலில் விட்டுக் கொண்டுதிரிகிறவள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாததால் தள்ளுவண்டியில் அவளையும் வேலைக்குக் கொண்டுபோவேன். இஞ்சினியர் அதைத் தடுக்கவில்லை. "குழந்தைக்குக் கதவு திறப்பார்கள். எனக்குத் திறக்க மாட்டார்கள்" என்றார்.

திறக்காத கதவு அல்பெர்கேரியா என்ற பகுதியில் இருந்தது. சந்தைக்குப் பின்னால் ஒரு முற்றம், அதைச் சுற்றி நாலு மாடி. பாதிப்பேர் அந்த ஊர்க்காரர், பாதிப்பேர் இலங்கைத் தமிழர்களான எங்கள் ஆட்கள். அதற்கு முந்திய ஓகஸ்டில் எங்கள் கந்தோர் ஆட்கள் பக்கத்துத் தெருவில் வெட்ட வேண்டிய இணைப்பை மாறி இந்த முற்றத்தில் வெட்டிவிட்டார்கள். பதினாறு நாள் தண்ணீர் இல்லை. முற்றத்தார் இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. சந்தைக் குழாயிலிருந்து கானில் சுமந்து நாலு மாடி ஏறினார்கள். அன்றுமுதல் கந்தோர் ஆள் யாரும் உள்ளே போக முடியவில்லை. மானி பார்க்கப் போன ஒருவர்மேல், இரண்டாம் மாடி சிஞ்ஞோரா பீனா உடுப்புத் தோய்த்த தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் இல்லை என்று முறைப்பாடு செய்தவரிடம் ஊற்றத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கந்தோரில் ஒரு விசாரணையே நடந்தது.

மேலதிகாரி கைநூலைத் தட்டி, "இங்கேயே தொடங்குவோம்" என்றார். இஞ்சினியர் அதை மனப்பாடம் செய்தார். அவசரப்படாதே. தவறை வாய்விட்டுச் சொல். அவர்கள் இருக்கச் சொன்ன இடத்தில் இரு. அவர்கள் தருவதைச் சாப்பிடு, குடி. கடைசி வரியில் மட்டும் அவருடைய பென்சில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டிருந்தது.

முதல் நாள் முற்றத்திலேயே சிக்கல். இஞ்சினியர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இங்கே ஆதிக்குடிகள் யார் என்று பணிவாகக் கேட்டார்.

"நாங்கள்தான்!" என்று பீனா மாடியிலிருந்து இத்தாலியனில் கத்தினார். "உங்கட குழாய் வாறதுக்கு முதலே இந்த முற்றத்துக் கிணத்திலை தண்ணி அள்ளினவை எங்கட ஆக்கள். அதை மூடினதும் நீங்கள்தான்!"

நாலாம் மாடியிலிருந்து ஞானம் அக்கா இறங்கி வந்தார். எனக்கு முன்பே பழக்கமானவர், இலங்கையில் மன்னார்ப் பக்கம். கந்தோர்கள் பலவற்றின் மாடிப்படிகளைக் கழுவுகிறவர், மூன்று பிள்ளைகளின் தாய், எங்கள் ஆட்களுக்கு அந்த முற்றத்தில் தலைமை. நான் விஷயத்தைத் தமிழில் சொன்னேன்.

"நாங்கள் வந்து ஆறு வருஷம் பிள்ளை. ஆதியுமில்லை, குடியுமில்லை. ஆனால் அவையள் வெட்டினது எங்கட குழாயையும்தான் எண்டு சொல்லு."

மொழிபெயர்த்தேன். பீனா கைதட்டினார். "அப்ப மன்னிப்பு ரெண்டு வேணும், ஜோயா! ஒண்டு எங்களுக்கு, ஒண்டு அவைக்கு!" ஜோயா என்றால் இங்கே செல்லம் என்பதுபோல. அது எனக்கா, இஞ்சினியருக்கா என்று தெரியவில்லை. இருவரும் தலையாட்டினோம்.

ஞானம் அக்கா எங்களை மேலே கூப்பிட்டார். அதுவே பெரிய வெற்றி. குசினி மேசைக்கருகே கதிரை போட்டு, "இருங்கோ" என்று இஞ்சினியரைத் தமிழிலேயே இருக்க வைத்தார். சில்வர் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

இஞ்சினியர் கையை நெஞ்சில் வைத்து நன்றியோடு, "கிராட்சியே, வேண்டாம்" என்றார். பிறகு, மரியாதைக்குறைவாக இருக்கக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும், தன் பையிலிருந்து போத்தலை எடுத்தார். மூடி டிக் என்று உடைந்தது. ஒரு மிடறு குடித்து, ஞானம் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

ஞானம் அக்கா சிரிக்கவில்லை. "பிள்ளை, உங்கட ஐயாவுக்குத் தாகம் இல்லையோ, எங்கட தண்ணி வேண்டாமோ?"

நான் ஏதோ மழுப்பினேன். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. இஞ்சினியரைக் கீழே அனுப்பிவிட்டு நான் மட்டும் பின்தங்கினேன். யாரும் தொடாத அந்தக் கிளாஸை ஞானம் அக்கா சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கட ஊரிலையும் பெரிய வீட்டு ஆக்கள் வருவினம். வோட்டுக் கேட்டு வருவினம், வேலைக்கு ஆள் கேட்டு வருவினம். கதிரையிலை இருப்பினம். நல்லாக் கதைப்பினம். தண்ணி குடுத்தா மட்டும் வேண்டாம். பிறகு நாங்கள் கடைக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கியாறது. மூடி உடைக்காத சோடா. அவையே உடைச்சுக் குடிப்பினம். எங்கட கிளாஸிலை வாய் படக்கூடாது." கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். "அந்த மனுசனுக்கு உது தெரியாது. அவர் இந்த ஊர் ஆள். நீ யாழ்ப்பாணத்துப் பிள்ளை. உனக்குத் தெரியும்தானே."

தெரியும். என் பெரியப்பா அப்படிச் சோடா குடித்தவர். சிறுபிள்ளையாக நானும் கூடப் போயிருக்கிறேன். எனக்கும் ஒரு ஒறேஞ்ச் சோடா உடைத்துத் தந்தார்கள். அது நல்ல இனிப்பு என்பது மட்டும்தான் அன்றுவரை என் நினைவில் இருந்தது.

"அதோட பிள்ளை, நீ எத்தினை தரம் இஞ்சை வந்திட்டாய்? கோவிலாலை வாறபோதும் வந்தனீ. ஒருநாளும் தண்ணி குடிக்கேல்லை."

"நான் பிள்ளைக்குப் பால் குடுக்கிறன் அக்கா, அதாலை..." என்று தொடங்கினேன். பால் கொடுக்கும் பெண்ணுக்குத்தான் தண்ணீர் கூடத் தேவை என்பது இருவருக்கும் தெரியும்.

திரும்பிப் போகும்போது, சந்தைக்குள் நடந்தபடியே இஞ்சினியருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சோடா உட்பட. பெரியப்பாவை விட்டுவிட்டேன். இஞ்சினியர் மீன்கடை முன் நின்றுவிட்டார்.

"அல்லோரா. அந்த வீட்டுக்கு எந்தத் தாங்கி?"

"வலப்பக்கம் மூன்றாவது."

"எனக்கு அதைத் தெரியும்" என்றார் மெல்ல. நெருங்கிய உறவினருக்கு நோய் என்று கேள்விப்பட்டவர்போல இருந்தது.

இரண்டு கிழமை கழித்து மறுபடி போனோம். இந்த முறை மன்னிப்பை எழுதி வைத்திருந்தார். முற்றத்துக்குப் புதுத் தாங்கிகள் கொடுப்பதற்கான பட்டியலும் பையில் இருந்தது. தண்ணீரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குக் கேட்கப் பயம். அவர் குடிக்காவிட்டால் அந்தக் கதவு இனித் திறக்காது. குடித்து நோயில் விழுந்தால் அது நான் செய்த வேலை. வருவதாகச் சொல்லிவிட்டுப் போனால் ஞானம் அக்கா காய்ச்சி ஆறவைத்துத்தான் வைப்பார் என்பதும் தெரியும். காய்ச்சினால் தாங்கியின் துரு போகுமா? அந்த இரண்டு கிழமையும் எனக்கு இதே யோசனை.

தட்டில் கிளாஸ் தயாராக மேசைமேல் இருந்தது. ஞானம் அக்கா பீனாவைக் கூப்பிடப் பல்கனிக்குப் போனார். இஞ்சினியர் வாசலில் சப்பாத்து வார் அவிழ்த்துக்கொண்டிருந்தார். குசினியில் நானும் தள்ளுவண்டியில் அனிதாவும் மட்டும். கிளாஸைத் தூக்கி, ஜன்னலோரம் ஒலிவ் எண்ணெய்த் தகரத்தில் நின்ற கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினேன். அனிதாவின் தண்ணீர்ப் போத்தலிலிருந்து நிரப்பி, அதே இடத்தில் வைத்தேன். அனிதா தன் தண்ணீர் போவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். வேறு சாட்சி இல்லை.

இஞ்சினியர் நின்றுகொண்டே வாசித்தார். "உங்கள் குழாயை வெட்டினோம். அது வேறு தெரு. நீங்கள் இரண்டு கடிதம் எழுதினீர்கள். அவற்றை வாசித்து மேசை லாச்சியில் பூட்டி வைத்தவன் நான்." நான் தமிழில் சொன்னேன். பிறகு பீனாவின் பக்கம் திரும்பி முழுவதையும் இரண்டாம் தரம் வாசித்தார். மன்னிப்பு இரண்டு என்று கேட்டிருந்தார்கள் அல்லவா.

ஞானம் அக்கா தட்டை நீட்டினார். இஞ்சினியர் கிளாஸை எடுத்தார். வெளிச்சத்துக்குப் பிடிக்கவில்லை, மணக்கவில்லை. கண்ணை மூடி, சிலுவைக்குறி போட்டு, ஒரே மூச்சில் குடித்தார்.

"பாருங்கோ, நஞ்சு குடிக்கிற மாதிரிக் குடிக்கிறான்!" என்றார் பீனா.

இஞ்சினியர் கண்ணைத் திறந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நல்ல தண்ணீர்! அருமையான தண்ணீர்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் இல்லாமலே அவர் குடித்திருப்பார். அந்தத் தாங்கியை அறிந்த மனிதர், அறிந்துகொண்டே குடிக்கத் துணிந்து வந்திருக்கிறார். ஞானம் அக்கா மனதாரத் தந்தார். இருவரும் தங்கள் பங்கைச் சரியாகச் செய்தார்கள். நடுவில் நின்ற நான் மட்டும்தான் இருவரையும் நம்பவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இஞ்சினியர் பட்டியலை எடுத்தார், பென்சிலை எடுத்தார், தாங்கிகள் என்ற வரியில் ஒரு கோடு போட்டார். "தண்ணீர் இவ்வளவு நன்றாக இருந்தால் புதுத் தாங்கி வேண்டியதில்லை. பிரான்காச்சோப் பகுதியில் இதைவிடத் தேவை. அங்கே கொடுப்போம்."

அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

"அப்ப தாங்கி தரேல்லையோ?" என்று கேட்டார் ஞானம் அக்கா.

"தண்ணி நல்லாயிருக்காம் அக்கா."

"நல்லாயிருக்கோ?" அவர் யோசித்தார். "என்ர சின்னவனுக்கு மாதத்துக்கு ஒருக்கால் வயிறு குழம்புது... சரி, அவருக்குப் பிடிச்சிருக்கெண்டால் எங்கட தண்ணி நல்லதுதான்." அவருடைய முகத்தில் பெருமை. அந்தப் பெருமைக்காகத் தாங்கியை விட்டுக்கொடுத்தார்.

நான் ஐந்தாம் நாள் காலை இஞ்சினியரின் மேசைமுன் போய் நின்றேன். அவர் வழக்கம்போல எழுந்து நின்றார். நான் சொல்லி முடிக்கும்வரை உட்காரவில்லை.

"குழந்தையின் தண்ணீரா?"

"ஓம்... சீ, இஞ்சினியர்." பதற்றத்தில் முதலில் தமிழ் ஓம் வந்து, பிறகுதான் இத்தாலிய சீ வந்தது.

"காய்ச்சியதா?"

"காய்ச்சியதுதான்."

"நாலு நாளாக என் வயிற்றைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன், சிஞ்ஞோரா. ஒன்றும் ஆகவில்லை. என் அக்காவிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்." கதிரையில் மெல்ல அமர்ந்தார். இவ்வளவு மனமுடைந்து அவரைப் பார்த்ததில்லை. வாழ்நாளில் ஒரேயொரு வீரச்செயல், அதுவும் மினரல் தண்ணீர். "அல்லோரா" என்றார், அது அடங்க நெடுநேரம் எடுத்தது. "அப்படியானால் நான் இன்னும் குடிக்கவில்லை."

அன்று பின்னேரம் அவர் தனியே போனார். நடந்ததைப் பிறகு பீனா எனக்கு நடித்தே காட்டினார். கதவைத் தட்டி, பையைத் திறந்து காட்டி, உள்ளே போத்தல் இல்லை என்று காட்டியிருக்கிறார். கையால் குடிப்பதுபோலச் சைகை செய்து தண்ணீர் கேட்டிருக்கிறார். சொல்லாமல் வந்தவருக்குக் காய்ச்ச நேரமில்லாமல் ஞானம் அக்கா குழாயிலிருந்தே பிடித்துக் கொடுத்தார். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே, கடைசித் துளிவரை குடித்தார். கிளாஸை மேசையில் வைத்து நன்றி சொல்லிவிட்டு, நேரே கூரைக்கு ஏறி மூன்றாவது தாங்கியைத் திறந்தார். மூடியில் வெடிப்பு, அடியில் ஒரு சாண் சேறு, அதற்குமேல் புறாச் சிறகுகள். அடுத்த கிழமையே புதுத் தாங்கிகள் வந்தன. பிரான்காச்சோவுக்குப் போகவிருந்ததைப் பறிக்காமல், வேறு எங்கோ சண்டை பிடித்து வாங்கினார். அவருக்கு ஒன்றரை நாள் வயிறு சரியில்லை. கந்தோருக்கு வந்தபோது பதக்கம் குத்தியவர்போல நடந்தார்.

"நீங்கள் அக்காவிடம் ஏதும் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"என்னுடையதை நான் குடித்துவிட்டேன், சிஞ்ஞோரா. உங்களுடையது உங்களிடம்தான் இருக்கிறது."

அதன்பிறகு மாதம் ஒருமுறை ஞானம் அக்காவின் குசினியில் கூட்டம். கந்தோர் சார்பில் இஞ்சினியரும் நானும், முற்றத்தின் சார்பில் பீனாவும் ஞானம் அக்காவும். கதவைத் தட்டிச் சொல்லாமல் எந்த இணைப்பையும் வெட்டுவதில்லை என்று கையெழுத்தானது. தண்ணீர் வரும் நாட்கள் தமிழிலும் இத்தாலியனிலும் வாசலில் ஒட்டப்பட்டன. மானி பார்ப்பவர் நனையாமல் திரும்பினார். மூடிய கிணற்றைத் திறக்க வேண்டும் என்று பீனா ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார், இஞ்சினியர் ஒவ்வொரு கூட்டத்திலும் பென்சிலால் குறித்துக்கொள்வார். அந்தக் கூட்டங்களில் எனக்குத் தண்ணீருக்குப் பதிலாக, தேயிலை போட்டுக் கொதிக்கவைத்த தேத்தண்ணீர் வந்தது. நான் கேட்கவில்லை. ஞானம் அக்கா தானாகவே எனக்கு மட்டும் தேத்தண்ணீர் வைத்தார். மூன்று வருடமும் அதைக் குடித்தேன். கறிவேப்பிலைக் கன்று என் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது.

தர்ஷினி கேட்டது இதுதான்: "அக்கா, வீடுகளுக்குப் போகேக்கை பாக்கிலை ஒரு போத்தில் கொண்டுபோறது நல்லதோ?" மூன்று வருட அனுபவசாலி பதில் சொல்லாமல், பிள்ளை அழுகிறது என்று ரெலிபோனை வைத்துவிட்டேன். பிள்ளை நித்திரை.

வருகிற ஞாயிறு ஞானம் அக்கா வீட்டில் சின்னவன் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கான முதல் நன்மை விருந்து. இஞ்சினியரும் வருகிறார். அந்த முதல் கிளாஸ் தண்ணீரைப் பற்றி எல்லோர் முன்னிலும் நாலு வார்த்தை பேசும்படி ஞானம் அக்கா அவரைக் கேட்டிருக்கிறார். அவர் பொய் சொல்ல மாட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டார். இரண்டையும் ஒரே பேச்சில் எப்படிச் செய்வார் என்று தெரியவில்லை. அவர் பேசுவதற்கு முன் நான் ஞானம் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். பெரியப்பாவையும் சேர்த்து.

இந்த இதழ் வெள்ளிக்கிழமை வரும். ஞானம் அக்கா இதை வாங்குவதில்லை, ஆனால் வாசித்துக் காட்ட ஆள் உண்டு. பெயர்களை மாற்றியிருக்கிறேன், இருந்தாலும் பலெர்மோவில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். தயவுசெய்து ஞாயிறு வரை பொறுங்கள். உங்களில் யாராவது, முக்கியமாக அந்தக் காலத்தில் சோடா வாங்க ஓடியவர்கள், எனக்கு ஒரு புத்தி சொல்லுங்கள். அன்றைக்கு அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணீர் வேண்டாம், தண்ணீர் தாருங்கள் என்று கேட்கப்போகிறேன். நான் செய்ததைச் சொல்ல வேண்டியது, அவர் தரும் தண்ணீரைக் குடிப்பதற்கு முன்பா, குடித்த பிறகா?